கன்னித்தோணியின் பதினொரு கல்

நீர் வற்றாதிருக்க, நெல் பொய்க்காதிருக்க, கோல் பிடித்த கை தளராதிருக்க.

மேல்மலை நாடு உடையவரும், ஏழுகண் மதகின் திறப்பும் அடைப்பும் தம் சொல்லில் வைத்திருப்பவரும், கயல்நாடு ஆளும் மன்னர் பரிதிவேள் பெருமானுக்கு உடன்பிறந்த மூத்தவருமாகிய அரசி கூடல்நங்கை நாச்சியார் திருமுன்புக்கு, நீலியாற்றுத் துறைநாயகம் ஏறன் சாத்தன் நெற்றி நிலத்தில் பட வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மலையும் மழையும், மக்களும் மாடும் சுகமாயிருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளுக்கு நீரால் ஒரு கெடுதலும் வராதிருக்க வேண்டும்.

ஓலைநாயகம் எழுதியிருந்தால் இன்னும் இருபது பட்டம் சேர்த்திருப்பார். அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. அரண்மனையில் இப்போது யார் யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே, படகுகளின் பெயருக்கு மேல் எழுதிப் பழகாத கையால் நானே கீறுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்தருள வேண்டும். அது கோணுவது முதுமையால் பாதி, பயத்தால் பாதி.

தாங்கள் மலைக்கு மணமாகிப் போய்ப் பதின்மூன்று ஆண்டு ஆனபடியால் பழைய முறையை ஒருமுறை நினைவூட்டுகிறேன். மதகு திறந்து புதுப்புனல் வரும் நாளில், கயல்நாட்டு மன்னர் கன்னித்தோணியில் ஏறி, நடு ஆற்றுத் திட்டில் இருக்கும் நீலியம்மை கோயிலுக்குப் போய், முதல் குடம் நீர் முகந்து திரும்ப வேண்டும். துணைக்குத் துறைநாயகம் ஒருவனே. ஒற்றை மரத்தைக் குடைந்த தோணி அது. தங்கள் முப்பாட்டனார் இடுப்பு அகலத்துக்கு வெட்டியது. அவர் மெலிந்த மனிதர் என்று சொல்வார்கள். மரமும் அவர் வம்சத்தோடு சேர்ந்து பருத்திருந்தால் எனக்கு இந்த ஓலை எழுதும் வேலை இருந்திருக்காது.

சென்ற ஆண்டு மன்னர் ஏறி உட்கார்ந்தபோது நீருக்கும் தோணி விளிம்புக்கும் நடுவே ஒரு விரல்தான் இருந்தது. எட்டு நெல் அகலம். கரையில் யாரோ ஒருவன், “நம்ம ராஜா உக்காந்தா ஆறே ஒரு முழம் ஏறுது, மதகு எதுக்கு” என்றான். கூட்டம் சிரித்தது. மன்னர் காதில் விழுந்தது. முதுகைத் திருப்பாமல் இருந்தார். கழுத்து மட்டும் சிவந்தது. பெரிய தோணி செய்யலாம் என்று நான் சொன்னதற்கு அமைச்சர் மழவராயர், தோணியை மாற்றினால் மன்னர் தாழ்ந்தார் என்று எல்லைக்கு அப்பால் பேசுவார்கள் என மறுத்தார். ஆகவே தோணி அப்படியே இருக்க, மன்னரைக் குறைப்பது என்று முடிவாயிற்று.

இவ்வேனிலில் சோமநந்தி என்ற வெளிநாட்டு வைத்தியர் வந்து சேர்ந்தார். அவைக்கு ஒரு மரக்கால் பொரியைக் கொண்டுவரச் செய்து, அதை ஒரு கையால் தூக்கிக் காட்டி, கையில் கனக்காதது மெய்யிலும் கனக்காது என்று மொழிந்தார். அதன்பின் இலேசான உணவு என்று ஒரு வரிசை சொன்னார். வெள்ளரி, சுரைக்காய், வாழைத்தண்டு, சாம்பல் பூசணிச் சாறு, கொள்ளுக் கஞ்சி, நீர்மோர், பொரி. விடிந்ததும் வெந்நீரில் தேன். இவை உள்ளே போய்க் கொழுப்பை உருக்கும் என்றார். மெழுகை வெயிலில் வைத்தால் உருகுவதுபோல என்று அவை முழுதும் தலையாட்டியது. நான் ஆட்டவில்லை. பொரி என்பது அரிசிதானே என்று பின்வரிசையில் இருந்து கேட்டேன். “ஓடக்காரருக்கு வைத்தியமும் வருமோ” என்றார் வைத்தியர். அதற்கும் சிரித்தார்கள்.

ஆனால் மெய்யானால் மெய் என்று சொல்வேன். முதல் மாதம் மன்னர் சோற்றை விட்டார். நெய்ப் பொங்கலை விட்டார். பசித்தபோது வெள்ளரியும் மோரும் கொண்டார். பல்லக்கு வேண்டாமென்று துறைவரை நடந்தே வந்தார். பௌர்ணமிக் காலையில் துறைக்குளத்துச் சலனமில்லாத நீரில் தோணியை விட்டு அவரை ஏற்றிப் பார்த்தோம். எட்டு நெல் பத்து நெல்லாயிருந்தது. என் கையாலேயே விளிம்பில் நெல் வைத்துப் பார்த்தேன். மன்னர் குழந்தைபோல் மகிழ்ந்து, “சாத்தா, அக்காவுக்குச் சொல்லி அனுப்பு” என்றார். அந்தச் சொல் தங்களுக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ அறியேன்.

கேடு அங்கேதான் தொடங்கிற்று. இலேசான உணவு வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. வேலை செய்கிறதென்றால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமே என்றார்கள். வெள்ளரிக்குத் தேங்காய்ப் பால் வந்தது. சுரைக்காய் நெய்யில் வதங்கிற்று. பொரி வெல்லப் பாகில் உருண்டையாயிற்று. உருண்டை ஆனாலும் பொரி பொரிதான் என்றார் வைத்தியர். தேன் ஒரு கிண்ணம் உருக்கினால் மூன்று கிண்ணம் மூன்று மடங்கு உருக்கும் என்று மன்னரே கணக்கிட்டுக்கொண்டார். இத்தனையும் உருக்குமென்றபடியால் பழைய சோறும் பொங்கலும் தாமாகவே இலைக்குத் திரும்பி வந்தன. பல்லக்கும் வந்தது. நாச்சியார், நான் அறிந்தது படகுதான். நெல் மூட்டையை இறக்கிவிட்டுப் பஞ்சு மூட்டையை ஏற்றினால் படகு எழும்பும். நெல் மூட்டை இருக்க அதன்மேல் பஞ்சு மூட்டையும் ஏற்றினால் எழும்புமா? பஞ்சின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெள்ளரிமேலும் இல்லை.

இரண்டாம் பௌர்ணமியில் ஏழு நெல்.

மன்னர் நீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போனார். மடைப்பள்ளிக்காரன் ஏதோ கலந்துவிட்டான் என்று வைத்தியர் கூற, அவனுக்கு இருபது கசையடி விழுந்தது. தங்கள் தம்பி கொடியவரல்லர். அன்று மாலையே அவனுக்குப் பச்சிலை அனுப்பினார். ஆயினும் அந்த இருபது அடியின் ஓசை அரண்மனையில் எல்லோர் காதிலும் தங்கிவிட்டது. அதன்பின் மன்னரிடம் ஒருவரும் பருத்தீர் என்று சொல்வதில்லை. இடைக்கச்சை கட்டும் சேடியர் அதில் ஒட்டுத் துணி சேர்த்து நீட்டி, இறுக்கம் தளர்ந்தது என்கிறார்கள். ஆசனத்துக் காலுக்கு அடியில் இரும்புப் பட்டை அடித்திருக்கிறார்கள், முனகாமலிருக்க. இதெல்லாம் தரையில். தரையில் பொய் சொன்னால் மானம் போகும், அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் மூன்றாம் பௌர்ணமி. மன்னர் ஏறி அமர்ந்தார். விளிம்பில் பதினொரு நெல் அகலம் தெரிந்தது. அவை ஆரவாரித்தது. மன்னர் கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றி வைத்தியருக்கு அணிவித்தார். என் கண்ணும் பதினொன்று என்றுதான் சொன்னது. என் பாதம் வேறு சொல்லிற்று. மன்னர் சங்கிலியைக் கழற்றக் கையைத் தூக்கினாரே, அதற்கே தோணி தலையை ஆட்டியது. ஐம்பத்திரண்டு ஆண்டு நான் நின்ற தோணி அது. ஒரு கைக்கு அது ஒருநாளும் ஆடியதில்லை.

எல்லோரும் போனபின் அடிப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். கன்னித்தோணியின் அடியில் வரிசையாகப் பதினொரு கருங்கல் உண்டு. தோணி கவிழாமல் கீழே இழுத்துப் பிடித்திருப்பவை அவைதாம். ஐந்து கல் இருந்தது. மற்ற ஆறு இடத்திலும் காய்ந்த சுரைக்குடுக்கை, கல்லென்று தோன்றக் கரி பூசி.

எனக்குக் கோல் எடுத்துக் கொடுப்பவன் சங்கிலி என்னும் என் மருமகன்; அவனைப் பிடித்து உலுக்கினேன். அழுதான். “மாமா, நான் என்ன செய்யட்டும். மடப்பள்ளிக்காரன் முதுகப் பாத்தீங்கல்ல. தோணி மேல எழும்பலேன்னா அடுத்த முதுகு சாத்தனோடதுன்னு மழவராயர் ஆளு வந்து சொன்னான். உங்க முதுகுக்காகத்தான் எடுத்தேன்” என்றான். முப்பத்தைந்து வயதுக் கடா. அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை.

மழவராயரிடம் நேரே போனேன். அவர் ஒளிக்கவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே, “ராஜா ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்யா சிரிச்சிருக்காரு. அது பொறுக்கலையா உனக்கு? ஆறு கல்லு. ஆத்தையா தூக்கி வச்சிட்டோம்?” என்றார். கல் இல்லாத தோணி வெள்ளத்தில் புரளும் என்றேன். அப்படியானால் புதுப்புனல் அன்றைக்குக் கல்லைத் திரும்ப வைத்துவிடு என்றார். வைத்தால் விளிம்பு ஐந்து நெல்லுக்கு இறங்கும், மன்னர் கண்டுகொள்வாரே என்றேன். அப்போது வைக்காதே என்றார். இவ்வளவுதான் நாட்டின் பெரிய அமைச்சர் எனக்குச் சொன்ன வழி.

நாச்சியார், ஒரு கல் ஒரு நெல். மெய்யான கணக்கு ஐந்து நெல். அரை விரலைவிடச் சற்று மேல். அதுவும் குளத்து நீரில். புதுப்புனலில் சுழியும் நுரையும் வரும். தவளை தாவினால் எழும் அலை போதும், தோணி நிறைந்துவிடும். கல்லோடு போனால் அமிழ்வோம். கல் இல்லாமல் போனால் புரள்வோம். மன்னர் மார்பில் கவசம், இடையில் பொற்கச்சை, மடியில் குடம். நீந்தத் தெரிந்தவர்தான், ஏழு வயதில் இந்தக் கைதான் அவர் வயிற்றைத் தாங்கிப் பழக்கிற்று. அந்தக் கனத்தோடு யாரும் நீந்த முடியாது. பின்னால் கோல் பிடித்து நிற்பவன் நான். எனக்கும் உயிர்ப்பயம் உண்டு, இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது என் தலையல்ல. நுரையில் ஒரு பொற்கச்சை மின்னி மறைவதுதான் தெரிகிறது.

மன்னரிடம் நானே சொல்லப் போனேன். வாயிலில் வைத்தியர் நின்று, மன்னர் இலேசாகிவிட்ட மகிழ்ச்சியில் பொரியுருண்டை உண்கிறார், கலைக்க வேண்டாம் என்றார். உள்ளே போயிருந்தாலும் என் சொல்லை நம்புவாரோ அறியேன். பதினொரு நெல்லைத் தம் கண்ணால் கண்டவர். அவரைத் தம்பி என்று அழைக்க இந்த உலகில் மீதமிருப்பவர் தாங்கள் ஒருவரே.

முறைப்படி இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் தங்கள் மதகு திறக்கும் நாள். ஆற்றில் கோல் பிடித்தவன் சொல்லே சொல் என்று தங்கள் பாட்டனார் என் தகப்பனுக்குக் கொடுத்த உரிமை ஒன்று உண்டு. அதைக் கொண்டு, அரசிக்கு ஆணை எழுதத் தகாத நான், இதை ஆணையாகவே எழுதுகிறேன்.

மதகை அந்நாளில் திறக்கலாகாது. புதுப்புனல் வராமல் மன்னர் தோணி ஏற முறையில்லை. நாற்று பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் உழவர் வயிறு தாங்காது. ஆகவே பத்தே நாள். அதற்குள் தாங்களே கயல்நாட்டுத் துறைக்கு வந்து, பதினொரு கல்லோடும் தம்பியைக் குளத்தில் தோணியில் ஏற்றி, நீர் நிற்கும் இடத்தை அவர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். கண்டபின் கோபிப்பார். முதலில் என்னைக் கோபிக்கட்டும். அதன்பின் இந்த ஆண்டுக் குடத்தை மூத்தவராகிய தாங்களே முகந்து வரலாம். இரத்தம் ஒன்றுதான், தோணியும் தாங்கும். அடுத்த ஆண்டுக்கு அவர் சோற்றைக் குறைத்து வெள்ளரி உண்ணட்டும், துறைவரை நடக்கட்டும். முதல் மாதம் செய்தார், என் கண்ணால் கண்டேன்.

ஆறு கல்லையும் நானும் மருமகன் சங்கிலியும் திரும்ப வைத்துவிட்டோம். அடிப்பலகையை ஆணியடித்து, தோணியை இரும்புத் தொடரால் பிணைத்துப் பூட்டிவிட்டேன். இந்த ஓலையை உப்புப் படகில் கொண்டுவருபவள் என் மகள் நாகச்சி; எழுத்தறியாதவள், ஆகவே அவளை யாரும் சோதிக்கமாட்டார்கள். அவள் இடுப்பில் கரி பூசிய ஒரு சுரைக்குடுக்கை இருக்கும். தோணியின் அடியிலிருந்து எடுத்தது. உடைத்தால் உள்ளே பூட்டின் சாவி. அதைத் தங்கள் கை தவிர வேறு கைக்குக் கொடுக்கலாகாது.

பூட்டை உடைப்பார்கள் என்றும் எனக்குப் பயம். இன்று மாலை மழவராயரின் ஆள் துறையில் இருமுறை நடந்தான். எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

தாங்கள் வரும்போது துறையில் நான் நிற்பேன். நிற்காவிட்டால், சாத்தன் எங்கே என்று கேட்டு நாளைக் கழிக்க வேண்டாம். நேரே தோணிக்குப் போய், அடிப்பலகையைப் பெயர்த்து, ஒவ்வொன்றையும் கையால் தூக்கிப் பார்த்து எண்ண வேண்டும். பதினொன்றும் கனக்க வேண்டும். ஒன்று இலேசாயிருந்தாலும் தம்பியை ஏறவிடாதீர்கள்.

துறையின் முத்திரை அமைச்சர் மனையில் இருக்கிறபடியால், கோல் பிடித்த கையின் பெருவிரலைக் கரியில் தோய்த்து இங்கே பதித்தேன். இது நீலித்துறையின் சொல். நீர் சாட்சி.