படகிலிருந்து இறங்கிய நூருல்

சிதம்பரம்

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. மழை விட்டுவிட்டது, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, நானும் அம்மாவும் சுகந்தான், நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். கடலூரில் சௌந்தரம் அத்தை வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, அவளை இங்கே கூட்டிவந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது பட்டென்று போனை வைத்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நடந்ததைப் போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று மறுபடியும் அழுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தோனேசியாவில் ஆச்சேயிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் இங்கே படிக்க வந்திருக்கிற நூருலிடம் நீயும் வீடியோவில் பேசியிருக்கிறாய். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பு நான்தான் என்பதும் உனக்குத் தெரியும். புயல் கடந்ததும் கிள்ளைக்கு அப்பால் தண்ணீர் சூழ்ந்த ஒரு குப்பத்துக்கு ரொட்டி, பால் பவுடர், போர்வை எடுத்துக்கொண்டு எங்கள் மாணவர்கள் கிளம்பினார்கள், நூருல் தானும் வருவேன் என்று நின்றாள். வேண்டாம் என்றேன். சுனாமியில எங்க ஊருக்குள்ள கடல் வந்தப்ப எல்லா நாட்டுக்காரங்களும் வந்தாங்க சார், நான் மட்டும் ஹாஸ்டல்ல உக்காந்திருக்கணுமா என்று இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள். அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நானும் கூடவே போய்க் கரையில் நின்றேன்.

படகு திரும்பி வந்தபோது அவள் அதில் இல்லை. படகோட்டி ஆண்டி, ஒரு பொம்பளைய பாம்பு கடிச்சிட்டுது சார், அவுங்களயும் தாங்கிப் புடிக்க அவுங்க புருசனயும் ஏத்த எடமில்ல, நீங்க போங்கன்னு அந்தப் பொண்ணு தானா எறங்கிடுச்சு, எங்க பேச்ச கேக்கவே இல்ல என்றார். அந்தப் பெண்ணை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்புவதற்குள் வெள்ளாற்றில் தண்ணீர் இன்னும் ஏறிவிட்டது, இனி ஒரு படகும் போகக்கூடாது என்று போலீஸ் தடுத்துவிட்டது. நூருலுக்குப் போன் போகவில்லை. மேலிடத்திலிருந்து கூப்பிட்டு, யாரக் கேட்டு வெளிநாட்டுப் பொண்ண அங்க அனுப்பினீங்க என்று கத்தினார்கள். அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய்.

அதைவிடக் கஷ்டம் அவள் அப்பாவிடம் சொன்னது. கத்துவார் என்று நினைத்தேன். பெண்கள் யாராவது கூட இருக்கிறார்களா என்று கேட்டார், இருக்கிறார்கள் என்றேன். அவளாக இறங்கினாளா, இறக்கிவிட்டார்களா என்று கேட்டார். அவளாகத்தான் என்றேன். கண்டுபிடித்ததும் அவளைத் திட்டாதீர்கள் சார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கடலூரிலிருந்து வந்த மீட்புப் படகில் கெஞ்சிக் கூத்தாடி நானும் ஏறிப் போனேன். பள்ளிக்கூட மாடியில், யாருடைய நைட்டியையோ போட்டுக்கொண்டு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்கா பொழச்சிட்டாங்களா சார் என்றுதான் முதலில் கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று நான் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.

விசாரணை நடந்தது. கையெழுத்து என்னுடையது, அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவள் இங்கேயே படிப்பை முடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், என்னிடமிருந்த பொறுப்பை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தன வருசம் பாத்த வேலைய ஒரே நாள்ல வுட்டுட்டீங்களே என்று அம்மா புலம்புகிறாள். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை.

அகதிகள் முகாமில் வேலை செய்யப் போகட்டுமா என்று நீ கேட்டு எழுதியதற்கு இன்னும் நான் பதில் போடவில்லை. இரண்டு நாளாக அதே யோசனைதான். போகாதே என்று சொல்ல இனி எனக்கு வாயில்லை. போய்வா அம்மா. தில்லை அம்பலத்தான் உனக்குத் துணையிருப்பான். அங்கே உனக்குப் பொறுப்பாக இருப்பவரின் பெயரையும் நம்பரையும் மறக்காமல் அனுப்பு. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடலாம், நான் கத்தமாட்டேன் என்று அவரிடம் சொல்லி வை.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா
திருநாவுக்கரசு