அட்டைக்குப் பின்னால் பேசுவது

ஜூன் 9

அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன என் கையெழுத்து, கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். படிக்கப்போவது நான்தானே. சுண்டுவின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். காதுப் பயிற்சி கொடுக்கிற மேடம் சொன்னது: "பாப்பா தினமும் என்ன கேட்டா, எதை விட்டுட்டா, எழுதி வைங்கம்மா."

சுண்டு என் மகள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பிறந்தபோது என் சுண்டுவிரலைப் பிடித்தவள் மூன்று நாள் விடவில்லை, அதனால் அந்தப் பெயர். பெரிய பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்.

காது டாக்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பார்த்தார். காது நன்றாகவே கேட்கிறதாம். கேட்டதைப் பிரித்து எடுப்பதில்தான் மூளை தடுமாறுகிறதாம். பக்கத்தில் வேறு சத்தம் இருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுமாம். அந்தக் குறைக்கு ஒரு பெயர் சொன்னார், ரயில் நீளத்துக்கு. பாதி ரயிலிலேயே நான் இறங்கிவிட்டேன்.

இப்போதுதான் சில விஷயம் புரிகிறது. நான் வீட்டில் எல்லோரையும் கேலி பண்ணுவேன். சுண்டு ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. மற்றவர்கள் சிரித்த பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் சிரிப்பாள். சாது என்று நினைத்தேன்.

டீச்சர் சாது என்று சொல்லவில்லை. "காது கேக்குதுன்னு ரிப்போர்ட்டே இருக்கு. அப்ப கவனம் இல்லன்னுதானே அர்த்தம்? மறுபடியும் ரெண்டாம் வகுப்புலயே உக்காரட்டும்." தலைமையாசிரியர் செப்டம்பர் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் மறுசோதனை செய்து நல்ல ரிப்போர்ட் கொண்டுபோக வேண்டும்.

என் மகள் போன வருஷ பெஞ்சில் திரும்ப உட்கார மாட்டாள். எழுதிவிட்டேன். பேனாவால் எழுதியது, அழிக்க முடியாது.

ஜூன் 11

வீட்டுப் பயிற்சி இதுதான். ரேடியோவைக் குறைந்த சத்தத்தில் வைக்க வேண்டும். நான் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு இருபது வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். வாரா வாரம் ரேடியோ சத்தத்தை ஏற்ற வேண்டும்.

முதல் நாளே பதினாறு!

ஜூன் 20

பதினெட்டு. ரேடியோவை நன்றாக ஏற்றியும் பதினெட்டு. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "உங்க பரம்பரையில முதல் தடவையா ஒருத்தி பாஸாகப் போறா." அவர் வேன் சாவியைத் தூக்கிக் காட்டி, "நான் லைசென்ஸ் டெஸ்ட்டுல பாஸ்தான்" என்றார். மூன்றாவது தடவையில், அதைச் சொல்லவில்லை.

ஜூன் 27

மேடம் அவர் அறையில் செய்து பார்த்தார். இருபதுக்கு ஐந்து.

அஞ்சு!

நான் நோட்டை நீட்டினேன். பொய் எழுதவில்லை என்று சத்தியம் பண்ணினேன். "வீட்ல செய்யற மாதிரியே இங்க செய்ங்கம்மா, பாக்கலாம்" என்றார். அட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பதினெட்டு. மேடம் மேசையில் கவிழ்ந்து சிரிக்கிறார்.

"அம்மா, வாயை மட்டும்தான் மறைச்சீங்க. புருவம் பேசுது, கை பேசுது, மோவாய் கதவைக் காட்டுது. பாப்பா உங்க குரலையே தேடல."

தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம். எங்கள் லைனில் அறுபது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. நூல் தீர்ந்தால் ஒரு விரல், சூப்பர்வைசர் வந்தால் இடது புருவம். மெஷினை நிறுத்தாமல் குடும்பக் கதை முழுவதும் பேசி முடிப்போம். அதே பேச்சை அட்டைக்கு மேலேயும் பேசியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

ஜூன் 28

தூக்கம் சரியில்லை. சுண்டு கைக்குழந்தையாக இருந்தபோது கம்பெனியின் குழந்தைகள் அறையில்தான் கிடந்தாள். உள்ளே போக விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று வாயசைத்துக் கொஞ்சுவேன். அவளும் சிரிப்பாளே... என் மூஞ்சியத்தான் படிச்சிருக்கா, என் குரலை இல்ல. அப்ப நான்தான் கெடுத்தேனா? சொல்லுங்கடா யாராவது.

போன் பண்ணி மேடத்திடமே கேட்டுவிட்டேன். "உங்களால வந்தது இல்லம்மா இது. முகம் பாத்துப் புரிஞ்சுக்கிறது அவளுக்குப் பெரிய பலம், வகுப்புல அது வேணும். ஆனா காதுக்குப் பயிற்சி நடக்கும்போது மட்டும் முகத்துக்கு லீவு விடுங்க."

சரி. லீவு.

ஜூலை 3

தரையில் முதுகுக்கு முதுகு உட்காருகிறோம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்றார்.

எட்டாவது வாக்கியத்தில் சுண்டு சொல்கிறாள்: "அம்மா, உன் தோள் ஆடுது. கை நீட்டிட்டே, அலமாரிதானே?"

களவாணி! ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கையைக் கட்டிப்போட்டால் எனக்குப் பேச்சே திக்குகிறது. பயிற்சி அவளுக்கா எனக்கா?

நான்கு.

ஜூலை 4

நான்கு. ஆனால் இது நிஜமான நான்கு.

ஜூலை 19

ஏழு. ஒரு காதில் ஒரு எண், மறு காதில் வேறு எண் விழுகிற ஹெட்போன் பயிற்சியும் மேடம் தொடங்கிவிட்டார். நானும் மாட்டிப் பார்த்தேன். ஒரே நேரத்தில் மாமியாரும் நாத்தனாரும் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது பழக்கம், எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 8

மூன்று வாரமாக ஏழிலிருந்து நகரவில்லை. இன்று ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

"நான் மக்குன்னே சொல்லிடும்மா. ரெண்டாம் வகுப்புல எனக்கு எல்லாமே தெரியும். அங்கயே இருந்துக்கறேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொன்னேன்: "நான் கம்பெனில சேந்த மாசம் ஒரு சட்டைக் கையை மூணு தடவை தலைகீழா தைச்சேன். பிரிச்சாங்க. திரும்பத் தைச்சேன். இன்னிக்கு மத்தவங்க தைச்சதை நான்தான் சரி பாக்கறேன்."

"மூணு தடவைதானா?"

"ஒரு நாளைக்கு மூணு தடவைடி."

ஹெட்போனை அவளே எடுத்தாள்.

ஆகஸ்ட் 11

புது யோசனை. ரேடியோவுக்குப் பதில் எங்கள் லைன் சத்தத்தை போனில் பதிந்து வந்தேன். மேடமும் சரி என்றார். போட்டதும் சுண்டு கண்ணை விரித்தாள். "தினமும் இதுக்குள்ளயா இருக்கே?"

"ஆமா."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஏத்து. நானும் இருக்கறேன்."

ஆகஸ்ட் 23

ஒன்பது.

செப்டம்பர் 6

பதினொன்று. ஒரு வாக்கியத்தில் நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுத் தானே திரும்பி வந்து பிடித்தாள். கைதட்டலாம் என்று பார்த்தால் கைகள் தொடைக்கு அடியில்.

செப்டம்பர் 24

மறுசோதனை. மேடம் அறையில், மேடம் குரலில், பதினான்கு. இடது காது இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறதாம், பயிற்சியை விடக்கூடாதாம். யார் விடப்போகிறார்கள்?

செப்டம்பர் 26

மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறாள். முன் பெஞ்சு, வெளிச் சத்தம் விழாதபடி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்லக்கூடாது என்று மேடம் டீச்சருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். டீச்சர் இரண்டு தடவை படித்தார். "எழுதிக்கிட்டே பேசறது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். மாத்திக்கப் பாக்கறேன்" என்றார். கை ஆட்டாமல் பேசச் சொன்னால் எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னேன். சிரித்துவிட்டார்.

அக்டோபர் 2

இன்று பயிற்சி இல்லை, விடுமுறை. நான் வீட்டுத் தையல் மெஷினில், சுவரைப் பார்த்தபடி. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுண்டு உள் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள், கதவு பாதி சாத்தியிருந்தது. நான் திரும்பாமல், மெஷினை நிறுத்தாமல் அவரிடம் சொன்னேன்:

"உங்க மக ஷூவைப் பாத்தீங்களா? ஒண்ணு வாசல்ல இருக்கு, இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில மூஞ்சியத் திருப்பிட்டு கிடக்கு. ரெண்டுக்கும் என்ன சண்டையோ."

உள்ளேயிருந்து குரல் வந்தது:

"சண்டை இல்லம்மா, ரெண்டும் பயிற்சி எடுக்குது!"

வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கால் பெடலிலேயே இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, துணி தீர்ந்து வெறும் நூல் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையது. இன்று இல்லை.