பொறந்த வீட்டுக் கோடியைக் கட்டிக்கிட்டு வித்த புத்தகம்

சேசு மரி சூசை துணை

ஆவூர்
1936 ஏப்ரல் 20

செபமாலைக்கு ஆத்தா எழுதிக்கிறது. தேவகிருபையில அப்பாவும் ஒன் தங்கச்சி ஞானமணியும் நல்லாயிருக்காங்க, நானும் நல்லாயிருக்கேன், அதை மொதல்லயே எழுதிடுறேன், ஏன்னா நான் செத்துப் போயிட்டேன்னு நீ ரங்கூன்ல அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பியிருக்கே. ஒன் இருமல் நின்னுச்சா, மில்லுத் தூசிக்கு வாயில துணி கட்டிக்கிறியா, அதை எழுது.

சங்கதியைக் கேளு. பெரிய வெள்ளிக்குப் பத்து நாளுக்கு முந்தி நான் வாசல்ல கம்பு குத்திக்கிட்டு இருக்கேன், தெருமுனையில ஒரே ஒப்பாரிச் சத்தம், யாரு வீட்டு எழவோன்னு ஒலக்கையை வச்சிட்டு எட்டிப் பாக்குறேன், கட்டுமாவடி ஒன் மாமன் பெரியண்ணனும் அத்தையும் இன்னும் நாலு பேரும் மாரடிச்சுக்கிட்டு வாராங்க, மாமன் கையில மாலை, அத்தை தலையில கோடிச்சேலைத் தட்டு. என்னைப் பாத்ததும் அத்தை அப்படியே நின்னுட்டா. மாமன் கிட்ட வந்து என் கையைத் தொட்டுப் பாத்துட்டு மடியிலேருந்து ஒன் புத்தகத்தை எடுத்தாரு. ரங்கூன்லேருந்து வந்த ஆளு ஒருத்தன் கட்டுமாவடிக்குக் கொண்டாந்தானாம். ஆவூர்த் தாய் பிரலாபம், இ. செபமாலை இயற்றி வெளியிட்டதுன்னு அட்டையில போட்டிருக்கு, உள்ள முகவுரையில பரலோகம் சேர்ந்த என் தாயார் அடைக்கலமேரியம்மாள்னு என் பேரு. அச்சுல போயி பொய்யைப் போடுவாங்களான்னு மாமன் நம்பிட்டாரு. அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் சோறாக்கிப் போட்டேன், என் எழவுக்கு நானே. சாவுக்குக் கொண்டாந்த பொறந்த வீட்டுக் கோடியைத் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு அத்தை அழுதா, நல்ல சேலையை எதுக்கு வீணாக்கணும், குடு நான் கட்டிக்கிறேன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

மறுநா கீரனூர் டேசனுக்கு ஒன் பார்சல் வந்துச்சுன்னு அப்பா வண்டி கட்டிப் போயி ஏத்திக்கிட்டு வந்தாங்க. எரநூறு புத்தகம், மேல நாலு வரிக் கடுதாசி. மொதல்ல போட்ட நீதிப் பாட்டை யாரும் சீந்தலை, புது ஆளு எழுதுனதை யாரு வாங்குவா, புலம்பல்தான் விக்கிது, தாய் செத்த புலம்பல்னா கூடவே விக்கிது, தப்பா நெனைக்காத, திருவிழாவுல வித்துக் குடுன்னு எழுதியிருக்கே. ஏன்டா, புத்தகத்துல இருபத்திநாலு பக்கம் அழுதிருக்கே, உசுரோட இருக்கிற எனக்கு நாலு வரிதானா.

படிச்சேன். கன்னியாஸ்திரிகிட்ட நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்சவதான் நான், கல்யாணம்னு நிறுத்தாட்டி இன்னும் படிச்சிருப்பேன், எனக்கே பாதி வார்த்தை விளங்கலை, அடுத்ததுல அதைக் கொறைச்சுக்க. தண்ணி தண்ணின்னு கேட்டு நான் சாகுறதா எழுதியிருக்கே, எனக்குத் தாகம்னா நானே எந்திரிச்சு மோந்து குடிப்பேன். ஆனா கீரனூர் பஸ் சத்தம் கேட்டா அந்தத் தாய் ஈரக்கையோட வாசலுக்கு ஓடி வாரான்னு எழுதியிருக்கே பாரு, அது எப்படிடா ஒனக்குத் தெரிஞ்சுச்சு, அது நீ போனப்புறம் நடக்குறதாச்சே. அப்பா அந்த எடத்தை மட்டும் மூணு தடவை படிக்கச் சொல்லிட்டு மாட்டைப் பாக்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மாடு கொல்லையில படுத்துத்தான் இருந்துச்சு.

பாஸ்கு நாடகத் திருவிழாவுல கோயிலுக்கு வெளியே சாக்கை விரிச்சு, கோடிச்சேலையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்தேன். பக்கத்து வீட்டு செவந்தி, செத்தவளுக்குச் சேலை எடுப்பாத்தான் இருக்குன்னு சிரிச்சா, ஒனக்கும் ஒரு புள்ளை பாட்டுக் கட்டட்டும், ஒன் அண்ணனும் சேலையோட வருவான்னேன். மொத நா பதினொண்ணுதான் போச்சு. மறுநா கோயில் உபதேசியாரைப் புடிச்சு ராகம் போட்டுப் படிக்கச் சொன்னேன், அப்புறம் பாரு கூட்டத்தை. இதுல ஒண்ணு தெரிஞ்சுக்க, எழுத்துத் தெரிஞ்சவன் அட்டையைப் பொரட்டிப் பாத்துட்டு வச்சிட்டுப் போறான், எழுத்துத் தெரியாத பொம்பளைங்கதான் வாங்குறாங்க, வீட்டுல புள்ளைங்களைப் படிக்கச் சொல்லிக் கேக்குறதுக்கு. அவங்களுக்காக எழுது. நான்தான் அந்தத் தாய்னு தெரிஞ்சு குன்றாண்டார்கோவில்லேருந்தெல்லாம் வந்து பாத்துட்டு வாங்கிட்டுப் போனாங்க. எரநூறும் தீந்துச்சு.

ரெண்டாம் பதிப்பு போட்டு, அதுவும் வித்து, பேரு வந்தப்புறம் ஊருக்கு வாரேன்னு எழுதியிருக்கே. பதிப்பைப் போடு, நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை, நல்லாத்தான் சாகுறேன். ஆனா புத்தகத்துல தாயை அடக்கம் பண்ணி மறுநாத்தான் மகன் வந்து கல்லறையில விழுறான். அதைக் கேட்டுட்டு ஒவ்வொருத்தியும் என் மொகத்தைப் பாத்து, நெசத்துல மகன் வந்தானான்னுதான் கேக்குறா. ஒவ்வொருத்திகிட்டயும் வருவான், வருவான்னு சொல்லிச் சொல்லி வாயி வலிக்குது. ஒன் பேரு வர்ற வரைக்கும் நான் காத்துக் கெடக்க முடியாது, எனக்கு எப்பவுமே பொறுமை கெடையாதுன்னு ஒனக்குத் தெரியும். மழைக்கு முந்தி கப்பல் ஏறு. எழுதுறதை இங்கேருந்தும் எழுதலாம், விக்கிறதுக்கு நான் இருக்கேன்.

மாதா ஒன்னைக் கைவிட மாட்டா. ராத்திரி செபம் விட்டுடாத, எண்ணெய் தேச்சுக் குளி, காவல் சம்மனசு ஒன் கூட நடக்கட்டும். மாமனுக்கு ஒரு கடுதாசி போட்டு மன்னிப்புக் கேட்டுக்க, மாலைக்கும் பஸ்ஸுக்கும் ரொம்ப அலைஞ்சிருக்காரு. எந்தத் தேதிக்கு நாகப்பட்டணம் வந்து எறங்குறேன்னு மட்டும் பதில் எழுது, வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.

ஒன்னைப் பெத்தவ,
அடைக்கலமேரி