இரண்டாவது ஓலைக்கு முன்

சேசு மரி சூசை

சாந்தோம்,
12-11-46, செவ்வாய்

என் அன்பு மகன் ஆரோக்கியநாதனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் தயவால் இங்கே நானும் உன் மகள் நோராவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே மலையில் நீயும் மருமகள் ஃப்ளோரன்ஸும் குளிரில் அடிபடாமல் இருக்க தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்கென்று சொல்கிறேன். கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைக்காதே, போட்டுக்கொள். ரேஷனில் இந்த வாரமும் புழுத்த அரிசிதான், அது கிடக்கட்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நோரா கலியாணத்துக்கு முதல் அறிவிப்பு ஓலை போன ஞாயிறு பெரிய பூசையில் வாசித்தார்கள். விடியற்காலைப் பூசையில் வாசிக்கட்டுமா என்று சுவாமியார் கேட்டார், நான்தான் கூடாது, என் பேத்தி பெயரைக் கோயில் நிறைந்த ஜனம் கேட்கவேண்டும் என்றேன். கேட்டார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த ஞானதாஸும் கேட்டான். அவன்தான் நோரா டைப் அடிக்கிற மவுண்ட் ரோடு கம்பெனியில் ஹெட்கிளார்க். கலியாணமான பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்று அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம், அது எங்களுக்குத் தெரியும், மற்றப் பெண்கள் சமாளிப்பது போலச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அவளுக்குப் பக்கத்து மேஜைப் பெண் சரோஜாதேவி மயிலாப்பூர்க்காரி, வெளியூர்க் கோயிலில் சத்தமில்லாமல் கலியாணத்தை முடித்துக்கொண்டு, தாலியைக் கழுத்துவரை பொத்தான் போட்ட ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, இன்றுவரை மிஸ் என்றே கையெழுத்துப் போடுகிறாள். நமக்கு அது நடக்குமா சொல். நம் கோயிலில் மூன்று ஞாயிறு ஊரைக் கூட்டி, இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுக்கிறார்கள், விக்கினம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்டல்லவா கட்டி வைக்கிறார்கள். கேட்டதற்கு ஒரே ஒருவன் போய்ச் சொன்னான், சுவாமியாரிடம் இல்லை, கம்பெனி துரையிடம்.

திங்கட்கிழமை துரை இவளைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, சந்தோஷம், இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள் என்றாராம். என் வேலையில் என்ன குறை என்று கேட்டிருக்கிறாள். ஒரு குறையும் இல்லை, இனிமேல் புருஷன் பார்த்துக்கொள்வான், கலியாணம் வேண்டாம் என்றால் மட்டும் வந்து சொல், வேலையில் இருக்கலாம் என்றாராம். காய்ச்சலோடு கூட லீவு எடுக்காமல் போன பெண்ணப்பா அது. வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்லை அழவும் இல்லை, ஓலையை நிறுத்து ஆயா என்று ஒரே வார்த்தை.

எனக்கு மனசு பொறுக்காமல் இன்று லஸ்ஸில் டிராம் ஏறி அந்த ஆபீசுக்கே போனேன். பூசையில் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தாயாடா என்று ஞானதாஸைக் கேட்டேன். எழுந்து நின்று, நான் இன்னா பண்றது பெரியம்மா, ரூல் அப்பிடி கீது, சொல்லாம இருந்து நாளைக்கு துரைக்குத் தெரிஞ்சா நானும் வீட்டுக்குப் போய்க்கினே இருக்கவேண்டியதுதான், எனக்கும் புள்ளைங்க கீது என்றான். துரை என்னைப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டார். பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது பாதிக் கதவுக்கு மேலாக நோரா தெரிந்தாள். வீட்டில் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கீரை ஆய்கிற பெண் அல்ல அது. கால்சட்டை போட்ட இரண்டு பேர் காகிதத்தோடு காத்து நிற்கிறார்கள், இவள் நிமிரவில்லை, தன் வேலையை முடித்துவிட்டுத்தான் கை நீட்டி வாங்கினாள். பிறகு சரோஜாதேவி என்னவோ சொல்ல வாய்விட்டுச் சிரித்தாள். நேற்று வேலை போன பெண், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சிரிக்கிறாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அவளைக் கூப்பிடாமலே வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை பவுல்சாமி சாயங்காலம் தேனாம்பேட்டையிலிருந்து ஓடி வந்தான். நான் காத்துக்கினு இருக்கேன் ஆயா, வேலைய வுட்டுட்டு நாள் பூரா என் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா பாவம் அவங்களுக்கே கசந்துடும் என்றான். நல்ல பிள்ளை. ஆனால் அவன் தாயார், வாசித்த ஓலையை நிறுத்தினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கலியாணமான பெண்களையும் வைத்துக்கொள்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஏப்ரலில் பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு இடம் காலியாகுமாம், நோரா எழுதிப் போட்டிருக்கிறாள், பதில் இல்லை. டிசம்பர் பிறந்து ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கலியாணம் கிடையாது என்று உனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் மகனே, ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

சுவாமியாரிடம் போனேன், பெண்பிள்ளைகள் பதறிச் சொல்வதற்கெல்லாம் ஓலையை நிறுத்தமாட்டேன், தகப்பன் சொல்லட்டும் என்கிறார். நீயோ கலியாணத்துக்கு லீவு கேட்டதற்கே, கொழுந்து அதிகம் வருகிற சமயம் என்று எஸ்டேட் துரை மறுத்ததாக எழுதியிருந்தாய். மகள் கலியாணத்துக்குத் தகப்பனை விடமாட்டான் ஒருவன், கலியாணம் செய்தால் மகளை வைக்கமாட்டான் இன்னொருவன், இவர்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா. நீ வரவேண்டாம். ஓலையை நிறுத்துங்கள் என்று சுவாமியார் பெயருக்கு ஒரு தந்தி அடி, சனிக்கிழமைக்குள் வந்து சேரவேண்டும். இந்தக் கலியாணத்துக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னவள் நான், அந்த நானே கேட்கிறேன், நிறுத்து.

ஃப்ளோரன்ஸ் அழுவாள், திட்டாதே. சரோஜாதேவி விஷயம் இதில் இருப்பதால் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சர்வேசுரன் உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாராக, தேவதாய் உங்கள் வீட்டில் தங்குவாளாக. ஞாயிற்றுக்கிழமை நான் பெரிய பூசைக்குத்தான் போவேன். மற்றப் பெயர்களை வாசித்து இவள் பெயரை விட்டுவிடும்போது கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். பார்க்கட்டும், நான் முன்வரிசையில்தான் உட்காருவேன்.

இப்படிக்கு உன் அம்மா,
லூயிசா