மிஷின் செருப்பு

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி இரண்டு நாளாகக் காயவில்லை. பெட்ஷீட் எல்லாம் ஈர நாற்றம். இன்னும் ஒரு லோடு பாக்கி.

மிஷின் இன்று பலமாகக் கடித்தது. தவறு என்னுடையதுதான், மிஷின் செருப்பைப் போடாமல் மூடியைத் தொட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் வாஷிங் மிஷினுக்கென்று தனியாக ஒரு ஜோடி நீல ஹவாய் செருப்பு, காலடியில் ஒரு மரப்பலகை. செருப்பைப் போடு, பலகையில் ஏறு, வலது கையால் மட்டும் தொடு, இடது கையைப் பின்னால் வை. எஞ்சினீயர் வகுத்த சட்டம். ஒன்பது வருடமாக இப்படித்தான் துவைக்கிறேன். மகள் நித்யா பெங்களூரிலிருந்து வந்தாலும் சொல்லாமலே செருப்பில் கால் நுழைப்பாள்.

எஞ்சினீயர் என்றால் என் வீட்டுக்காரர். பஜார் ரோட்டில் மிளகு கோடவுனில் எடை எழுதி ரிட்டயர் ஆனவர். சொத்து ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத மனசு. வீட்டு வயரிங் முழுக்க அவர் கைவண்ணம்.

மத்தியானம். ஷோபாவுக்கு ஏ.சி. வரப்போகிறதாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். முன்பு ஒரே வீடு. மாமனார் போனதும் நடுவில் சுவர் எழுப்பி அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. தம்பி சேகர் தோஹாவில். அவர் மனைவி ஷோபா (இனி ஷோ.) இங்கே தனியாக.

ஷோ.வுக்கு வந்தவை, நான் பார்த்த வரிசையில்: இரண்டு கதவு ஃபிரிட்ஜ், முன்பக்கம் திறக்கிற வாஷிங் மிஷின், கீசர், இப்போது ஏ.சி.
எனக்கு வந்தவை: ஷோ.வின் பழைய மிக்ஸி.

ஏ.சி.கூடப் போகட்டும். அவள் சுவரைத் தட்டி "அண்ணா" என்று கூப்பிடுவாளே, அதுதான். அந்த "ணா" படகுத்துறைவரை நீளும். இவர் உடனே சட்டை மாற்றி, தலை சீவி, டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு கிளம்புவார். பல்பு மாற்ற எதற்குத் தலை சீவ வேண்டும் என்று தெரியவில்லை. எங்கள் சமையலறை சுவிட்ச் நாலு மாதமாகச் சுவரை விட்டு வெளியே தொங்குகிறது.

பொறாமைதான். எழுதிவிட்டேன். இந்த வீட்டில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் சங்கரன்கோவிலிலிருந்து வந்த நான் ஒருத்தி. இவர் படித்தது மலையாளம், நித்யாவும் அப்படியே. அதனால் இந்த நோட்டை டி.வி. மேலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

மழை விட்டு விட்டு. மீன்காரர் வரவில்லை. ரசம், அப்பளம்.

ஷோ. வீட்டில் ஏ.சி.க்கு லைன் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தது. பெண். ஷைனி என்று பெயர், பள்ளுருத்திக்காரி, முப்பத்தைந்து இருக்கும். தமிழ் கொஞ்சம் பேசுகிறாள். ஸ்கூட்டர், இடுப்பில் கருவிகள் செருகிய பெல்ட். அவள் ஏணியில் ஏறி நிற்க, எஞ்சினீயர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறினால் டி.வி.யை விட்டு எழுந்ததில்லை. ஆக, ஷைனிமேலும் கொஞ்சம் பொறாமை.

ஷைனி போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சது? நல்ல வ்ருத்தியா, சுத்தமா இருக்கே. எர்த்து வயர்கூட ஒழுங்கா கொண்டுவந்து கட்டியிருக்கு" என்றாள்.

"எங்க அண்ணன்தான். எனக்கு என்ன வேணும்னாலும் அண்ணன்தான்" என்றாள் ஷோ.

எங்க அண்ணனாம். இவர் காது சிவந்துபோய் நின்றார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் நான் பாராட்டி அந்தக் காது சிவந்ததில்லை. (நான் பாராட்டியதும் இல்லை. அது வேறு விஷயம்.)

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க பக்கமும் வந்து பாருங்க. இதைவிட நல்லா இருக்கும்" என்று ஷைனியிடம் சொன்னேன். வாய் தவறி அல்ல, வேண்டுமென்றே. "அங்க ஒண்ணும் பாக்கண்டா. எல்லாம் ஓகேயா" என்று இவர் குறுக்கே விழுந்தார். வேண்டாம் என்றதும் எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. நாளை பத்து மணிக்கு வருகிறேன் என்றாள் ஷைனி.

சாயங்காலம் போர்டுகளை எல்லாம் துடைத்து வைத்தேன். தொங்குகிற சுவிட்சை டேப் போட்டு ஒட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். இவர் காலையிலேயே படகேறிவிட்டார், அக்கரையில் வைப்பின் தீவில் யாரோ கூட்டாளிக்கு உடம்பு சரியில்லையாம். அந்தக் கூட்டாளியின் பெயரை நான் இதுவரை கேட்டதில்லை.

ஷைனி சரியாகப் பத்துக்கு வந்தாள். சாயா வேண்டாம் என்றாள். நேராகப் பின்பக்கம்.

"சேச்சி, இந்தச் செருப்பு எதுக்கு?"

"மிஷினுக்கு."

"மிஷினுக்கா?"

பெருமையாகவே விளக்கினேன். பலகை, வலது கை, எல்லாம். ஏறி நின்றும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. டெஸ்டரை மிஷின் தகரத்தில் வைத்தாள். எரிந்தது. பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தது.

"எத்தன வருஷமா இப்பிடி?"

"ஒன்பது."

அவள் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மிஷினுக்குள் போட்டு மூடினாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவள் சொல்லச் சொல்லக் காலண்டர் தாளில் குறித்தது:

பாத்ரூம் ஹீட்டர் ஜாயின்ட். டேப் இல்லை. பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட்.

மீட்டர் பக்கத்து ஃபியூஸ். ஒரு மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கம்பி முறுக்கி. "வீடு கத்தினாலும் இது போகாது" என்றாள். கத்துவது என்றால் அவர்களுக்குத் தீப்பிடிப்பது.

ட்ரிப் சுவிட்ச், கறண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்துவது. இருக்கிறது. ஆனால் வயர் அதற்குள் போகாமல் சுற்றிப் போகிறது. மிஷினைத் தொட்டாலே விழுந்துகொண்டிருந்தது, தொல்லையாக இருக்கிறதென்று இவர் அப்படிச் செய்தார் என்றேன். "அது சும்மா விழல சேச்சி. உங்களக் காப்பாத்தத்தான் விழுந்துச்சு."

சமையலறை சுவிட்ச். (டேப் ஒட்டியது நான் என்று சொல்லவில்லை.)

எர்த்து. இல்லை. ஒரு போர்டிலும் இல்லை.

இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். "மிஷின்ல கறண்ட் கசிஞ்சா அது மண்ணுக்குப் போகணும். அதுக்கு வழி இல்லேன்னா தொடுற ஆள் வழியாப் போகும்" என்றாள்.

எர்த்துக் குழி இருக்கிறது. மாமனார் காலத்தது, கிணற்றுக்குப் பக்கத்தில், எங்கள் பாதியில். அதிலிருந்து பச்சை வயர் கிளம்பி எங்கள் சுவர் நெடுக வருகிறது. எங்கள் போர்டுக்கு ஒரு முழம் முன்னால் திரும்பி, சுவரில் போட்ட ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. ஷோ. வீட்டுக்கு. எங்கள் போர்டிலிருந்து வெட்டிய நுனி மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஷைனி அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு முழம் வயர் போதுமே சேச்சி. ரெண்டு வீட்டுக்கும் குடுத்திருக்கலாம்."

அவள் போன பிறகு முழம் போட்டுப் பார்த்தேன். ஒரு முழம்கூட இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மழை. கையால் துவைத்தேன்.

நேற்று இவர் வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டேன். முதலில், "அவளுக்கு எந்தா அறியும்?" பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னது: ஷோ.வுக்குப் புது ஃபிரிட்ஜில் லேசாக ஷாக் அடித்ததாம். தோஹாவிலிருந்து சேகர் கூப்பிட்டு, அவள் தனியாக இருக்கிறாள், எதாவது பண்ணுங்கள் என்றானாம். கையில் வேறு வயர் இல்லையாம். நம்முடையதை வெட்டி அங்கே கொடுத்தாராம்.

"நமக்கு அப்புறம் செய்யலாம்னு இருந்தேன். மறந்துபோச்சு. அதுக்கிப்ப என்ன, ஒரு கொழப்பமும் வரலியே."

எப்போது என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் வந்த ஓணத்துக்கு என்றார்.

அந்த ஓணத்துக்குத்தான் செருப்பு வந்தது.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கேட்காமல் இவர் எனக்கென்று வாங்கிவந்த ஒரே பொருள். பேப்பரில் சுற்றி, சணல் கட்டி. போட்டுப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது. என் கால் அளவு இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தேன். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். நித்யாவிடம் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஷோ.விடம் காலைத் தூக்கிக் காட்டினேன். அதை நினைத்தால்தான் இப்போது முகம் எரிகிறது. அவளுக்கு எர்த்து, எனக்குச் செருப்பு.

பத்து மணிக்கு ஷோ. வந்தாள். கண் வீங்கியிருந்தது. இவளுக்கு எதற்கு வீங்க வேண்டும்.

"அக்கா, நான் அப்பவே கேட்டேன். உங்களுக்கு வேண்டாமா அண்ணான்னு. அவளுக்குச் செருப்பு வாங்கியாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டான்னார்."

ஒன்பது வருடமாக இவளுக்குத் தெரியும். நான் காலைத் தூக்கிக் காட்டியபோதும் தெரியும்.

சாயா கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறக்கவில்லை, போடவில்லை. அவள் முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள்.

அவ ஒண்ணும் கேக்க மாட்டா. என்னைப் புகழ்ந்து சொன்னதாகத்தான் இவர் நினைத்திருப்பார். பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது, அதுவே வந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 14, சனி

வேலை தொடங்கியது. மாமனார் காலத்துக் குழி இனி உதவாது என்றாள் ஷைனி. புதுக் குழி தோண்டியது எஞ்சினீயர். ஷைனி ஆழம் சொல்ல, இவர் மண்ணை அள்ள, நான் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை நிமிர்ந்தார். மோர் கொடுக்கலாமா என்று தோன்றியது. கொடுக்கவில்லை. கரியும் கல் உப்பும் போட்டு மூடினார்கள்.

பதினோரு மணிக்கு ஒரு கூத்து. ஷைனி சுவர் ஓட்டையில் இருந்த பச்சை வயரை இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. உள்ளே முறுக்கிப் பால் கவர் சுற்றியிருந்த ஜாயின்ட் உப்புக் காற்றில் பொடியாகிக் கிடந்தது. ஆக, ஷோ. வீட்டிலும் எர்த்து இல்லை. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது. "புதன்கிழமை போர்டை மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்" என்று ஷைனி தலையில் தட்டிக்கொண்டாள். ஷோ.வின் மிஷின் புதுசு, அதனால் கடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளாக நான் வயிறெரிந்தது ஒரு செத்த வயருக்கு. அது தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. கொடுக்க நினைத்தாரே, அவளுக்குத்தானே நினைத்தார்.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்று ஒரு வீட்டுக்குத்தான் முடியும், மற்றது நாளைக்கு, முதலில் யாருக்கு என்று ஷைனி கேட்டாள். இவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் "எனக்கு" என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் முடித்தாள். மிஷினுக்குள் உரிந்துகிடந்த வயரை மாற்றி, ட்ரிப் சுவிட்சையும் சரியாகக் கட்டினாள். போகும்போது ஷோ.விடம், "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் மிஷின், கீசர் ரெண்டும் தொடக்கூடாது" என்றாள். இவரும் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

ஐந்து மணிக்கு மிஷினைப் போட்டேன். வெறுங்கால், ஈரத் தரை, ஈரக் கை. ஒன்றுமில்லை. இடது கையையும் வைத்தேன். இரண்டு உள்ளங்கையும் மூடிமேல் வைத்துக்கொண்டு, அது சுற்றி முடிக்கிறவரை அப்படியே நின்றேன்.

சந்தோஷமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு இன்னும் இல்லை என்பதிலும் கொஞ்சம் சந்தோஷம்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். இத்தனை நாளுக்குப் பிறகு.

ஏழரைக்குப் பின்பக்கம் போனால் செருப்பைக் காணவில்லை. பலகையையும் காணவில்லை. இவர்தான் வெட்கப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். மனசு சற்று இளகியது. இவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு சாயா வைத்தேன்.

சாயா கொதிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிரம்புகிற சத்தம். ஷோ.வின் மிஷின்.

ஓடினேன். அவள் என் பலகைமேல் நிற்கிறாள். காலில் என் நீலச் செருப்பு. இவர் குனிந்து, பலகை ஆடாமல் இருக்க அடியில் அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருக்கிறார். தலை சீவியிருந்தார்.

"வலது கை மட்டும். இடது கைய பின்னால வச்சுக்கோ."

அதே வார்த்தை, அதே குரல். அந்தச் சட்டமாவது எனக்கென்று செய்தது என்று இருந்தேன்.

"ஒரே ஒரு லோடுதான் அக்கா. வெயில் வந்திருக்கே" என்றாள் ஷோ. சொல்லிக்கொண்டே இடது கையை மிஷின் கதவுப்பக்கம் கொண்டுபோனாள்.

அவள் மீட்டர் போர்டுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். மிஷின் நின்றது. ஃபேன், ஃபிரிட்ஜ், எல்லாம் நின்றது.

"செருப்பைக் கழட்டு."

கழற்றினாள்.

"கோமு, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்" என்றார் இவர்.

"என்னையும் நீங்கதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் இவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. செருப்பு இரண்டையும் அரிவாள்மணையில் நறுக்கிக் குப்பையில் போட்டாயிற்று. சாயா பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

மணி ஒன்பது. ஃபியூஸ் கட்டை அரிசி டின்னுக்குள். ஷைனி வந்து எர்த்துக் கட்டிய பிறகுதான் எடுப்பேன். ஷோ.வுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பிடுங்கினேனா, என் செருப்பு அவள் காலில் இருந்ததற்காகவா. இரண்டுக்கும்தான். எது முதலில் என்று கேட்டால் தெரியவில்லை.

சுவரைத் தட்டுகிறாள். "அக்கா" என்கிறாள். ஒன்பது வருடத்தில் இந்தச் சுவரைத் தட்டி அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

மறுபடி தட்டுகிறாள். இவர் எழுந்தார்.

உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார்.