இறகு கரைக்கும் டிரம்

செவ்வாய், ஜூன் 10

காலையிலேயே வெயில். கல்லூரிக்குக் கிளம்புமுன் கொல்லையில் மூன்று டிரம்மையும் கிளறியாயிற்று. நடு டிரம்மில் கோழி இறகு பாதிக்குமேல் கரைந்து கஞ்சி மாதிரி. தண்டுகள் மட்டும் இன்னும் விறைப்பு. மீன்தொட்டி மோட்டார் ஒழுங்காகக் காற்று விடுகிறது.

அமீர் பாய் கறிக்கடையிலிருந்து இன்னொரு மூட்டை. "நீங்க எடுத்துக்கலன்னா ஆத்தங்கரையிலதான் கொட்டணும் டீச்சர். அங்க போனா சண்டைக்கு வராங்க."

வராமல் என்ன செய்வார்கள்? மழை பெய்தால் அழுகல், காய்ந்தால் கொளுத்தல். தெரு முழுக்க முடி கருகும் நாற்றம். இறகில் இருக்கும் கெரட்டின் லேசில் மக்காது. ஆனால் அந்தக் குப்பை மண்ணிலேயே அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருந்தது. அதை எடுத்து வளர்த்தது நான். அது விடும் என்சைம் இறகைக் கரைக்கிறது. கரைந்த தண்ணீர் செடிக்கு உரம். தேவிகாபுரத்தில் தம்பி தன் வேர்க்கடலைக்குத் தெளித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

வாங்க: ரவை, எலுமிச்சை, கேனுக்கு மூடி.

புதன்



மாலை வீட்டுக்குள் நுழையும்போதே கண் எரிந்தது. மூன்று டிரம்மிலும் வெள்ளை நுரை. பக்கத்தில் காலி பிளீச்சிங் பவுடர் பை. அம்மோனியா நிறைந்த தண்ணீரில் அதைக் கொட்டினால் விஷக் காற்று வரும் என்றுகூடத் தெரியாத ஜென்மங்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். எல்லாம் செத்தது.

கொட்டியவர் இவருடைய, அதாவது என் கணவருடைய, அண்ணன் தணிகாசலம் மாமா. இனி இதில் த.மா. முழுப் பெயர் எழுத மனம் வரவில்லை. மறைக்கக்கூட இல்லை அவர். சாயப் பட்டறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே:

"நான்தான் கொட்டினேன். பட்டுச் சேலை பாக்க வந்தவங்க மோந்து பாத்துட்டு எழுந்து பூட்டாங்க. அதுவுமில்லாம, றெக்கையே துன்ற புழு பட்டை மட்டும் வுட்டு வெக்குமா?"

"புழு இல்ல மாமா, பாக்டீரியா. டிரம்ம விட்டு எழுந்து தறிக்கு நடந்து வராது."

"இன்னாவோ. எனக்கு வெளக்கம்லாம் வாணாம். பேஜார் புடிச்ச வேலை."

அதைவிட மோசம் இவர். கொல்லை ஜன்னலை ஒட்டித்தான் இவருடைய தறி.

"நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க?"

"அண்ணன் செய்யும்போது நான் இன்னா பண்றது கலா?"

சொல்லும்போதும் தறியை நிறுத்தவில்லை.

வியாழன்

புழுக்கம். காபி போட்டேன், எனக்கு மட்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு குடுவையில் அதே பாக்டீரியா தனியாக வளர்கிறது. பிரிட்ஜில் விதை மாதிரி எடுத்துவைத்த தாய் வளர்ப்பும் பத்திரம். மறுபடி தொடங்கலாம். ஏன் தொடங்க வேண்டும்? யாருக்காக?

நாள் முழுக்க ஒன்று உறுத்தியது. த.மா. கேட்டது சரியான கேள்வி. பட்டும் புரதம்தான். என் என்சைம் அதை என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவன் மனிதன். கேட்டுக்கொண்டே கொட்டினால் அதற்குப் பெயர் கேள்வியா?

குடுவைத் தண்ணீரை மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து வடிகட்டி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றில் பசை எடுக்காத கச்சாப் பட்டு. இன்னொன்றில் தறிக்குத் தயாரான அரக்குச் சாய நூல். நூலை இவர் பெட்டியிலிருந்து எடுத்தேன். கேட்கவில்லை.

வெள்ளி

சாய நூல் அப்படியே. இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. கச்சாப் பட்டைக் கழுவிக் காயவைத்தால் விரலில் வழுக்குகிறது! பசை மட்டும் போயிருக்கிறது. பட்டறையில் சோப்பும் சோடாவும் போட்டு விறகெரித்துக் கொதிக்க வைப்பார்களே, அந்த வேலை. அடுப்பே இல்லாமல்.

சந்தோஷப்பட நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

ஞாயிறு

கிண்ணத்திலேயே நேற்று வரை ஊறவிட்ட மிச்சச் சாய நூல் இழுத்தால் அறுகிறது. ஆக, அதிக நேரம் விட்டால் பட்டையும் கெடுக்கும். த.மா. பயத்தில் கால்வாசி நியாயம். எழுதிவிட்டேன். வாயால் சொல்ல மாட்டேன்.

திங்கள்

மேகமூட்டம், தூறல் இல்லை. மேசையில் குறிப்போடு வைத்திருந்த பசை போன நூலை இவர் தன் அண்ணனிடம் காட்டியிருக்கிறார். நான் வருமுன்பே த.மா. நாற்காலியில். நூலை விட மனமில்லாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"தா பாரு கலா, இது வெளிய யாருக்கும் தெரிய வாணாம். நம்ம பட்டறைக்கு மட்டும் வெச்சிக்கலாம். டிரம்மு அங்கயே இருக்கட்டும். ஜல்தியா ஆரம்பி."

"நாறுமே மாமா."

"தொழில்னா கொஞ்சம் நாறத்தான் செய்யும்."

உடம்பெல்லாம் எரிந்தது. போன வாரம் இதே வாய்.

"இறகு ஆத்தங்கரைக்குப் போகக்கூடாதுன்னு ஆரம்பிச்சது இது. அதான் மொதல்ல. பட்டுக்குச் செஞ்சா ஊருக்கே சொல்லிக்குடுப்பேன், முள்ளிப்பட்டு தறிக்காரங்க வரைக்கும். அதுக்கு முன்னாடி, நீங்க கொட்டினது தப்புன்னு உங்க தம்பி எதிர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பொம்பளைக்கு இவ்ளோ வாயா? டேய் சேகர், கேட்டுகினு இருக்கியா?"

இவர் தரையைப் பார்த்தார். பிறகு, சத்தமே வராமல், "அவ கேக்கறது நாயம்தானே அண்ணே."

த.மா. நூலை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். மன்னிப்பு இல்லை. ஓரகத்தி தினமும் அனுப்பும் குழம்பு இரவு வரவில்லை.

புதன்

டிரம்களைக் கழுவி, பின் மதில் ஓரம் தள்ளி, மூடி போட்டேன். வாடை இந்தப் பக்கம் வராது. தாய் வளர்ப்பு ஊற்றியாயிற்று.

அமீர் பாய் கடையிலிருந்து ஈர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக, தறியை நிறுத்திவிட்டு, இவரே வந்தார். எல்லோரும் பார்க்க. சட்டை நனைந்து, காதில் ஓர் இறகு.

"எந்த டிரம்ல கொட்டட்டும்?"

கையால் காட்டினேன்.  இப்போதைக்கு இவரோடு பேசப்போவதில்லை.