கிளெமின் முகம் உள்ளே இருக்கிறது

4 ஜனவரி 1942, ஞாயிறு. மெல்பர்ன்

வெயில் நூறு டிகிரிக்கு மேல். கிளெமின் முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தேன். புருவத்தில் வாசலின், மூக்கில் இரண்டு குழல். இருபது நிமிடம் பேசக்கூடாது. அவனால் முடியுமா? என் முழங்காலில் விரலால் எழுதினான்: பசிக்குது. நண்பன் ஐவர் தன் ஓவியத்தை விட்டு எழுந்து வந்து பார்த்தான். "இப்பதான்டா ஒன்னப் பாக்கச் சகிக்குது."

ஐந்து மணிக்கு அவனுக்கு ரயில். பிறகு கப்பல். எங்கே என்று ராணுவம் சொல்லாது. சிங்கப்பூர் என்று எல்லோருக்கும் தெரியும்.

நிலையத்திலிருந்து திரும்பியதும் அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ரியலிஸ்ட் கலைஞர் கூட்டத்துக்கு ஒரே விதி: யோசிக்காதே, கை போன போக்கில் செய். அழுதுகொண்டே செய்தேன்.

6 ஜனவரி

சோப்புத் தடவவில்லை.

7 ஜனவரி

ஊற்றுமுன் அச்சின் உட்புறம் சோப்புக் கரைசல் பூச வேண்டும். இல்லையென்றால் அச்சும் வார்ப்பும் ஒட்டி ஒரே கல். அச்சின் முதல் பூச்சில் துணிக்குப் போடும் நீலம் கலந்திருந்தாலாவது, அச்சைச் செதுக்கி எடுக்கும்போது நீலம் தெரிந்ததும் உளியை நிறுத்தலாம். அதையும் கலக்கவில்லை. முதலாண்டு மாணவிகூட இப்படிச் செய்யமாட்டாள். வெள்ளைக்குள் வெள்ளை. அச்சு எங்கே முடிகிறது, அவன் எங்கே தொடங்குகிறான்?

16 பிப்ரவரி

சிங்கப்பூர் விழுந்தது.

2 மே

'காணவில்லை' என்று அவன் அம்மாவுக்குத் தந்தி வந்ததாம். எனக்கு வராது. நான் யார்?

ஐவர் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஹெஸ், நீ செஞ்சதுலயே இதான் உருப்படி. தொட்டுராத. கண்காட்சிக்கு அனுப்பு." அவன் சொன்னது சரி. அதனால்தான் கத்தினேன். போடா, ஒனக்கு அது சிற்பம். எனக்கு —

கல்லின் மேல் உளியை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

12 ஜூலை

கிளெமின் அம்மா மிஸஸ் பாஸ்கோ பல்லாரட்டிலிருந்து வந்தார். அம்மணப் படம் வரைகிறவள் என்று என்னை வீட்டுக்குள் விடாதவர். முகத்தை நான் எடுத்து வைத்திருப்பதாகக் கப்பலிலிருந்து எழுதியிருக்கிறான். அவரிடம் இருப்பது அவனுடைய பன்னிரண்டு வயதுப் படம்.

நடந்ததைச் சொன்னேன்.

"ஒடச்சா கெடைக்குமா?"

"மூக்கும் சேந்து பேந்துரலாம். ஒண்ணுமே மிஞ்சாமயும் போகலாம்."

"படிச்ச பொண்ணுன்னு சொன்னான்."

கையுறையைக் கழற்றினார், கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம்.

"இருக்கட்டும். வந்து அவனே ஒடைக்கட்டும்."

தேநீர் கொடுத்தேன். குடித்தார்.

9 மார்ச் 1943

உடைக்கவில்லை.

17 ஆகஸ்ட் 1944

கனவில் அவன் வாய் மட்டும் வந்தது. எழுந்ததும் வரைந்தேன். அவன் வாய்தானா? மேலுதடு இவ்வளவு மெல்லியதா? மறந்துகொண்டிருக்கிறேன். உளி கைக்கெட்டும் தூரத்தில். நாலு தட்டு போதும் — முகம் இருக்கும், அல்லது இருக்காது.

30 செப்டம்பர் 1945

பர்மா. ஜப்பானியரின் ரயில் பாதைக் கைதி முகாம். காலரா. 1943 ஜூன்.

இரண்டு வருடமாக இல்லாத ஒருவன் வந்து உடைப்பான் என்று காத்திருந்திருக்கிறேன்.

மிஸஸ் பாஸ்கோவின் கடிதத்தில் இரண்டே வரி. அவன் வரப்போவதில்லை. அதை எனக்குக் கொடு.

21 அக்டோபர், பல்லாரட்

ரயிலில் கல் என் மடியில். கம்பளிக்குள் சுற்றியிருந்தேன். எதிரே இருந்தவர் குழந்தை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

உடல் இல்லாமல் சடங்கு செய்ய முடியாது என்றாராம் பாதிரியார். அப்ப நாங்களே பொதச்சுக்கறோம் என்று வந்துவிட்டார் மிஸஸ் பாஸ்கோ. கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில், தனக்கென்று வைத்திருந்த இடம்.

குழி வெட்டுபவர் கல்லை வாங்கிக்கொண்டு தயங்கினார். "இதுல மேல் பக்கம் எதும்மா?"

"தட்டையா இருக்கறது பின்பக்கம். அது கீழ இருக்கட்டும்," என்றேன்.

மண்டியிட்டு அப்படியே வைத்தார். மிஸஸ் பாஸ்கோ ஒரு பிடி மண் எடுத்தார். கல்லின் மேல் போடவில்லை. கால் இருக்கவேண்டிய பக்கம் போட்டார்.